அந்தக் கடையை மூட நான் வாங்கிய சர்க்கரை

சர்க்கரை வாங்கியே ஒரு பெரிய கடையைத் திவாலாக்கிவிடலாம் என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிட்டால் மிச்சத்தை நிதானமாகச் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும். இன்றைக்கு எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு நான் அதை முழுசாக நம்பினேன். சும்மா இல்லை, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து நம்பினேன்.

நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். சென்னைக்கு வெளியே, படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், உள்ளே பிரியும் ஒரு தெருவின் முனையில் எனக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. அதற்கு முன்பு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில், கார் சீட்டுக்கு உறை தைக்கும் லைனில் இருந்தேன். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனால் கேட் பூட்டியிருந்தது. பூட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மெஷின்கள். பிறகு பேசி, கூச்சல் போட்டு, கிடைத்த செட்டில்மென்ட்டில் வைத்த கடை இது. நாற்பத்தைந்தைத் தாண்டியவனை இந்தப் பக்கத்தில் எந்த லைனிலும் நிற்க விடமாட்டார்கள். ஆகவே இந்தக் கடையும் போனால் அடுத்து என்ன என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். என் கோமாளித்தனத்துக்குக் கீழே கொஞ்சம் நிஜமான பயமும் இருந்தது.

என் கடை வாசலில் ஒரு அக்கா காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். நீல நிறத் தார்ப்பாயின் ஒரு பக்கத்தை என் ஷட்டர் கொக்கியிலும் மறுபக்கத்தை மின்கம்பத்திலும் கட்டி, அதன் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். விடிவதற்குள் நாலு பேரோடு சேர்ந்து டெம்போ பிடித்துக் கோயம்பேடு போய்ச் சரக்கு எடுத்து வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சுக்குப் போய்விட்டுத் தாமதமாகத்தான் கடை. என்னிடம் பருப்பு வாங்க வருகிறவர் திரும்பும்போது அக்காவிடம் தக்காளி வாங்குவார். அவரிடம் முருங்கைக்காய் வாங்கியவருக்குப் புளி நினைவுக்கு வந்து என் படியேறுவார். யார் யாருடைய வியாபாரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று நாங்கள் இருவரும் யோசித்ததே இல்லை.

மெயின் ரோட்டில் வெகுநாளாகக் காலியாகக் கிடந்த மனையில் கட்டடம் எழும்பியபோது நான் கவலைப்படவில்லை. எங்கள் சாலையில் எழும்பும் எதுவும் கடைசியில் ஏதாவதொரு கம்பெனியின் குடோனாகத்தான் முடியும். இதுவும் அப்படித்தான் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்டு மாட்டினார்கள். குடோன் இல்லை. எல்லாச் சாமானும் எல்லா நாளும் தள்ளுபடியில் கிடைக்கும் பெரிய கடை. எனக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே வியர்த்தது. மேலே ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தேன். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், முதல் வாரம் எங்கள் தெருக்காரர்கள் யாரும் அங்கே போகவே இல்லை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வாசலில் தொப்பி போட்ட செக்யூரிட்டி. அது அப்பார்ட்மென்ட் ஆட்களுக்கான கடை என்று இவர்களே முடிவு செய்துவிட்டார்கள். தைரியமாகப் போன ஓரிரண்டு பேரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தரை வழுக்குமோ என்று விரலூன்றி நடந்து, ஒரு சோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

"உள்ள போவணும்னா தலைக்குக் குளிச்சிட்டுப் போவணுமா தம்பி?" என்று கேட்டார் காய்கறி அக்கா.

நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்தக் கூச்சமே எனக்கு இன்னும் கொஞ்ச நாள் காவல் நின்றிருக்கும். ஆனால் சும்மா இருப்பது என் ஜாதகத்திலேயே இல்லை.

அப்போதுதான் அந்தக் கடையின் விளம்பரத் தாள் ஒன்று என் கைக்கு வந்தது. அதில் போட்டிருந்த சர்க்கரை விலையைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். எனக்குச் சரக்குப் போடும் ஏஜென்சிக்காரர் கொடுக்கும் விலைக்கும் கீழே இருந்தது. நான் வாங்கும் விலைக்கும் குறைவாக இவன் விற்கிறான் என்றால், விற்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இவனுக்கு நஷ்டம். அப்படியானால் நிறைய விற்றால் நிறைய நஷ்டம். இந்த இடத்தில்தான் காலண்டர் தாள் வந்தது.

"இன்னாங்க, கண்ணு ரெண்டும் ஒரு மாதிரி கீது?" என்றாள் என் மனைவி.

"அவன் சர்க்கரைய நஷ்டத்துக்கு விக்கறான்."

"வித்துட்டுப் போறான். உங்களுக்கு இன்னா?"

"வர்ற சர்க்கரை பூரா நாமளே வாங்கிட்டா? எத்தினி நாளைக்குத் தாங்குவான்?"

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஒரு சொம்பு எடுத்துக்கினு மெரினாவுக்குப் போலாமா? மொண்டு மொண்டு ஊத்தினா கடல் கூட வத்திடும்."

அவளுக்கு வியாபார நுணுக்கம் தெரியாது என்று நான் அவளை மன்னித்துவிட்டேன்.

திட்டத்தில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. ஒரு பில்லுக்கு இரண்டு பாக்கெட் சர்க்கரைதான் தருவார்கள். அதுவும் கூடவே வேறு சாமான் ஓரளவுக்கு வாங்கினால்தான் அந்த விலை. ஆகவே எனக்கு ஆட்கள் வேண்டும். ஆட்களுக்கா பஞ்சம்? எங்கள் தெரு முழுக்க வரிசை வீடுகள். ஒவ்வொரு அறையிலும் கம்பெனிக்குப் போகும் நாலைந்து பேர். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள், ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள், நடுநடுவே எங்களைப் போன்ற உள்ளூர்க் குடும்பங்கள். எல்லோரும் என் வாடிக்கையாளர்கள். காலை ஷிப்டு முடிந்து வருபவர்களையும் வீட்டிலிருக்கும் பெண்களையும் கூட்டினேன். தெரிந்த ஷேர் ஆட்டோக்காரரைப் பிடித்தேன். ஏற்பாடு இதுதான்: சர்க்கரைக்குக் காசு நான் கொடுப்பேன், சர்க்கரை எனக்கு. கூட வாங்க வேண்டிய சாமானை அவரவர் வீட்டுக்கு எது தேவையோ அதையே அவரவர் காசில் வாங்கிக்கொள்ளலாம். போக வர ஆட்டோ இலவசம்.

ஆட்டோவில் ஏற்றியதும் வகுப்பு எடுப்பேன். "செருப்பக் கழட்டாதீங்க, யாரும் கேக்க மாட்டாங்க. பையை வாசல்ல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கோங்க. வண்டியத் தள்ளிக்கினு தைரியமாப் போங்க. எடுத்துப் பாத்துட்டு வேணாம்னா திருப்பி வெச்சிடலாம், ஒருத்தரும் மொறைக்க மாட்டான். பில்லு போடறப்ப போன் நம்பர் கேப்பாங்க. நம்பரக் குடுத்தா டெய்லி மெசேஜ் வரும். அதனால என் நம்பரையே குடுத்துடுங்க."

கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் திருவிழாதான். சாமான் தள்ளும் வண்டியில் ஒரு பெண் தன் குழந்தையை உட்காரவைத்துத் தள்ள, அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தங்கள் குழந்தைகளை உட்காரவைக்க, குழந்தைகள் இறங்க மாட்டேன் என்று அழ, ஒரே கூத்து. ஏசியில் நின்றுகொண்டு, "இங்கியே ஒரு தூக்கம் போடலாம் போலக் கீதே" என்றார் ஷிப்டு முடித்து வந்த ஒருவர். நான் படைத்தளபதி மாதிரி சர்க்கரை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அடுக்கு காலியாகக் காலியாக எனக்குள் ஒரு வெற்றி முரசு கொட்டியது.

காய்கறி அக்காவும் வந்தார். தினமும் வந்தார்.

"உன் கடைக்கு யாருக்கா ஆளு?" என்று ஆட்டோவில் கேட்டேன்.

"எவன் வரப் போறான்? எங்கிட்ட வாங்கறவங்கள பூரா நீதான் வண்டியில ஏத்திக்கினு வந்துட்டியே."

ஆட்டோவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தக் கடையின் பில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தது அக்காவின் மகள். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெண். அந்தக் கடை திறந்தபோது எங்கள் தெருவிலிருந்து வேலைக்கு எடுத்த மூன்று பெண்களில் ஒருத்தி. என் படை வரிசையாக வந்து ஒரே போன் நம்பரைச் சொல்லச் சொல்ல, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? சர்க்கர தீந்தா எங்க மேனேஜர் அழுவாருன்னு நெனச்சிக்கினு கீறீங்களா? அவரு சிரிக்கிறாரு. இந்த ஏரியாவுல நல்லாப் போவுதுன்னு அடுத்த லோடு டபுளா அனுப்பறாங்க."

எதிரி முகாமிலிருந்து வரும் பொய்ப் பிரசாரம் என்று நான் முடிவு செய்தேன். சின்னப் பெண், மூளைச்சலவை செய்துவிட்டார்கள்.

வீட்டில் கட்டிலுக்குக் கீழே சர்க்கரை. பீரோவுக்குப் பக்கத்தில் சர்க்கரை. சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் சர்க்கரை. இதையெல்லாம் என் கடையில் வைத்து லாபத்துக்கு விற்பதுதான் திட்டத்தின் இரண்டாம் பாகம். முதல் மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோய் அடுக்கியபோதுதான் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்தக் கடையின் பெயர், சிவப்பு நிறத்தில், தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

பிறகு என் மனைவி கத்தரிக்கோலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டிச் சாக்கில் கொட்டினாள்.  அவளுக்குப் பதில் கத்தரிக்கோல் பேசிக்கொண்டிருந்தது. சாக்கில் கொட்டி முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் சர்க்கரை கசிந்து, இறுகி, கருங்கல் ஜல்லி மாதிரி ஆனது. இந்தத் திட்டத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை முழுமனதாக ஆதரித்தவை எறும்புகள் மட்டும்தான்.

"அது கெடக்கட்டும்," என்றாள் மனைவி ஒருநாள். "கூட இன்னா வாங்கிக்கினு வராங்கன்னு என்னிக்காவது பாத்தீங்களா?"

"இன்னா?"

"துவரம்பருப்பு. எண்ணெ. மொளகாத்தூள். நம்மகிட்ட மாசா மாசம் வாங்கறதெல்லாம்."

 திறந்திருந்த கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு, "சண்டைன்னா நம்ம பக்கமும் ரெண்டு அடி விழத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டேன்.

சில நாள் கழித்து அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. மேனேஜர் பேசினார். என் நம்பரைச் சொல்லி, அது என்னுடையதுதானா என்று உறுதி செய்துகொண்டார். நாளைக்குக் காலையில் கட்டாயம் நேரில் வர வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்" என்றார்.

மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்துவிட்டது. கூட்டம் சேர்த்துச் சரக்கைப் பதுக்கியதற்கு என்ன தண்டனை? ஜாமீன் உண்டா? தெரிந்த வக்கீல் யாரும் இல்லை. எதிரி முகாமில் இருக்கும் அக்கா மகளை விட்டால், தெரிந்தவர்களில் அதிகம் படித்தவர் தண்டலத்தில் ஒரு காலேஜ் பஸ் டிரைவர், அவரும் பன்னிரண்டாவதுதான். பிரஷர் மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோய், போட்டிருப்போம் என்று முடிவு செய்து, பிறகு அந்த முடிவை நினைத்தும் பயந்தேன்.

"காசு குடுத்து சர்க்கர வாங்கினவன எவன் புடிப்பான்?" என்றாள் மனைவி.

"உனக்கு சட்டம் தெரியாது."

"உங்களுக்கு சர்க்கரயே தெரியாது."

இருந்தாலும் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். என்னைப் பிடித்துப் போகும்போது யாராவது போட்டோ எடுத்தால் பார்க்கும்படியாக இருக்கட்டுமே.

போட்டோ எடுத்தார்கள்.

கடைக்குள் ஒரு சின்ன மேடை போட்டிருந்தார்கள். மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர், சின்ன வயது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மைக்கில் அறிவித்தார்: இந்தப் பகுதியிலேயே அதிகமாகப் பொருள் வாங்கி எங்களுக்கு ஆதரவு தந்த முதன்மை வாடிக்கையாளர்! பட்டு மாதிரி பளபளக்கும் துணியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒரு பெரிய ஸ்டீல் ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்தார், அதன் மேலும் அதே சிவப்புப் பெயர். தெரு முழுக்க வாங்கியதெல்லாம் என் ஒருவன் நம்பரில் ஏறியிருந்தது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நான் ஒரு கல்யாண மண்டபம்.

"சிரிங்க சார்" என்றார் போட்டோக்காரர். சிரித்தேன். வேறு என்ன செய்வது?

கைதட்டல் கேட்டது. யார் தட்டுகிறார்கள் என்று பார்த்தேன். எங்கள் தெரு. வரிசை வீட்டுக்காரர்கள், அவர்கள் மனைவிமார்கள், குழந்தையை வண்டியில் உட்காரவைத்த அந்தப் பெண். எல்லோர் முன்னாலும் சாமான் நிறைந்த வண்டி. எல்லோர் காலிலும் செருப்பு. என்னைப் பார்த்து உண்மையான சந்தோஷத்தோடு கைதட்டினார்கள். நம்ம ஆள் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள் அல்லவா!

அன்றைக்கு நான் ஆட்டோ அனுப்பவில்லை. அவர்களாகவே வந்திருந்தார்கள்.

பொன்னாடையோடும் ஃபிளாஸ்க்கோடும் மேடையை விட்டு இறங்கி, எந்தப் பக்கம் போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன். கால் கொண்டுபோய் நிறுத்திய இடம் காய்கறிப் பகுதி. அங்கே காய்கறி அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தக்காளி. வாங்குகிறவர் பிடிக்கிற மாதிரி இல்லை; விற்கிறவர் பிடிக்கிற மாதிரி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயம்பேட்டுல நான் எடுக்கற வெலைக்கே இவன் இங்க விக்கறான் தம்பி" என்றார்.

"எப்பக்கா பாத்த?"

"மொத நாளே. நீ சர்க்கர வாங்கச் சொல்லி இட்டுக்கினு வந்தியே, அன்னிக்கே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தக்காளியும் வாங்கச் சொல்லுவ. அத எங்க கொண்டுபோயி வெக்கறது?"

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் சாக்கு விரிப்பு இனி ரொம்ப நாளைக்கு இல்லை என்று தெரிந்துகொண்டே, தினமும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, என் ஆட்டோவில் ஏறி, எனக்காக இரண்டு பாக்கெட் சர்க்கரையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

"அப்புறம் ஏங்க்கா தெனம் வந்த?"

தக்காளியை அதன் அடுக்கில், மற்றவை சரியாதபடி, மெல்லத் திருப்பி வைத்தார்.

"நீ பயந்துகினு இருந்த. பயந்துகினு கீறவன்கிட்ட போயி எனக்கும் பயமா கீதுன்னு சொல்றதா?"

சொல்லிவிட்டு என் தோளில் கிடந்த பொன்னாடையைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா கீது. தலகாணி ஒற தெக்கலாம்" என்றார்.

சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்த அந்த மூன்று வாரமும் என் தலைக்குள் ஓடிய ஒரே கேள்வி, என் கடை என்ன ஆகும் என்பதுதான். நான் ஆட்டோவில் ஏற்றியது என் வாடிக்கையாளர்களை மட்டுமல்ல, அக்காவின் வாடிக்கையாளர்களையும்தான். அதை அவரே நேராக, நாலு பேர் நடுவில், வேடிக்கையாகச் சொல்லியும் இருக்கிறார். நான் சேர்ந்து சிரித்திருக்கிறேன். மற்றவரைச் சிரிக்கவைப்பவன் என்று தெருவில் எனக்குப் பெயர். அன்றைக்கு ஆட்டோவில் உண்மையான நகைச்சுவை எது, அதை யார் சொன்னார் என்பது எனக்கு அந்தத் தக்காளி அடுக்குக்கு முன்னால்தான் புரிந்தது.

பிறகு நடந்தவை எதிர்பார்த்தவைதான். ஆயுத பூஜை என்றால் எங்கள் இருவருக்கும் தீபாவளி மாதிரி. சுற்றுவட்டாரத்துச் சின்னச் சின்ன லேத் பட்டறைகள், கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஷெட்டுகள் எல்லாம் பொரி, கடலை, வெல்லம் என்னிடமும், திருஷ்டிப் பூசணி, எலுமிச்சை, வாழைக்கன்று அக்காவிடமும் வாங்குவார்கள். அந்த வருடம் பெரிய கடையில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பையின் மேல் சந்தனமும் குங்குமமும் படமாக அச்சடித்து வைத்திருந்தார்கள். பட்டறைக்காரர்கள் வண்டியில் போகிற போக்கில் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவின் பூசணிக்காய்கள் தார்ப்பாயின் கீழே அப்படியே உட்கார்ந்திருந்தன. என் பொரி மூட்டையும் அப்படியே. பண்டிகை முடிந்த சில வாரத்தில் அக்கா டெம்போவுக்குப் பங்கு கொடுப்பதை நிறுத்தினார். நானும் ஏஜென்சிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போட்டோ மட்டும் நன்றாக வந்திருந்தது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, அந்தக் கடையின் வாசலிலேயே மாட்டிவிட்டார்கள். மளிகைக் கடைக்காரரே இங்கேதான் வாங்குகிறார் என்று எங்கள் பக்கம் முழுக்கப் பேச்சு. அவர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. அதற்கும் அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. செலவெல்லாம் என்னுடையது.

அந்தக் கடையைத் திட்ட வேண்டும் என்று சில நேரம் தோன்றும். ஆனால் திட்ட வாயைத் திறந்தால் எதிரே யாராவது வந்து நிற்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் ஒடிசாக்காரர், முன்பு கால் லிட்டர் எண்ணெய் வாங்கியவர், இப்போது ஒரு லிட்டராக வாங்கிக்கொண்டு போகிறார். அவரைப் பார்த்து, நீ ஏன் அங்கே போகிறாய் என்று எப்படிக் கேட்பது? அக்காவின் நிலைமை இன்னும் சிக்கல். அவர் வியாபாரத்தை வாங்கிக்கொண்ட அதே கடைதான் அவர் மகளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. "எந்தக் கையால திட்றது தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். திட்டக் கை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னது புரிந்தது.

ஒரு மழைக் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் நாலைந்து பேர் எங்கள் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினார்கள். வியாபாரம் இல்லாவிட்டாலும் பழக்கதோஷத்தில் அக்காவும் வந்து அங்கே உட்கார்ந்திருந்தார். அவருக்காக என் மனைவி உள்ளே டீ போட்டாள். அதற்கு ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து, உலக்கையால் ஒரு போடு போட்டாள். அந்தச் சத்தத்தில் ஒதுங்கி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீ வாசனை வந்ததும் ஒருவர், "அண்ணாச்சி, எங்களுக்கும் கெடைக்குமா?" என்று கேட்டார்.

"கெடைக்கும்," என்றார் அக்கா, என்னைக் கேட்காமலேயே. "சர்க்கர மட்டும் எவ்ளோ வேணும்னாலும் கெடைக்கும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுப்பைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்தோம். பருப்பு டப்பாக்கள் இருந்த அலமாரியில் கண்ணாடி கிளாஸ்கள் ஏறின. அக்கா போடும் டீக்கு ஷிப்டு மாறும் நேரமெல்லாம் ஆள் வந்தது. கொஞ்ச நாளில் அவர் மகள் வந்து, "மாமா, எங்க ஸ்டாஃபுக்கு காலையில டீ கொண்டாந்து குடுப்பீங்களா? மேனேஜர் கேக்க சொன்னாரு" என்றாள். கொண்டுபோக நம்மிடம்தான் ஃபிளாஸ்க் இருக்கிறதே!

இப்போது தினமும் அந்தச் சிவப்புப் பெயர் போட்ட ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறேன். வாசலில் பொன்னாடையோடு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக வந்த செக்யூரிட்டி அந்தப் போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வணக்கம் வைக்கிறார். மேனேஜர் டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரை தூக்கலா இருக்கு சார், அதான் டேஸ்ட்டு" என்கிறார். நான் அவரோடு சண்டை போட்டேன் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் அந்தச் சண்டையிலேயே எனக்கு அதிகம் வலிக்கும் விஷயம்.

அந்தக் கடை வந்ததால் உங்கள் தெருவுக்கு நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. ஒரு வேடிக்கையைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கி, தார்ப்பாயின் கயிற்றைக் கொக்கியில் மாட்டும்போது ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி நினைவுக்கு வரும். இப்போது டீ போடுவது அக்கா, காசு வாங்கிப் போடுவது என் மனைவி, கிளாஸ் கழுவுவது நான். வருவதை இரண்டு வீடுகள் பிரித்துக்கொள்கிறோம். இந்தத் தார்ப்பாய்க்குக் கீழே முன்பு இரண்டு கடைகள் இருந்தன. இப்போது ஒன்று இருக்கிறது.